தேன் நிறத்தில் வந்த ஆயில்

வீட்டிலேயே ஆயில் மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளரைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் உங்களுக்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி ஓர் ஆள் இருப்பதையே கம்பெனி ஒத்துக்கொள்ளாது. ஆனால் சர்வீஸ் சென்டரின் முன்மேசையில் நீங்கள் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே அவர் போன் செய்வார். எடுத்த எடுப்பில் தன்னுடைய கார் என்று சொல்ல மாட்டார். "என் ஃப்ரெண்டு ஒருத்தரோட வண்டி" என்று ஆரம்பிப்பார். அந்த ஃப்ரெண்டு அந்த நேரத்தில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார் என்பது குரல் எதிரொலிப்பதிலேயே தெரிந்துவிடும்.

அவரைக் கிண்டல் செய்யாதீர்கள். நான் செய்தேன். அதற்காக ஒரு நாள் ஸ்கூட்டியில், பின்னால் எங்கள் ஃபோர்மேன் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு பறக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அவர் பெயர் ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன காஞ்சிபுரத்தில் வீடு. பட்டுச் சேலையின் பார்டருக்கும் முந்தானைக்கும் கிராஃப் தாளில் டிசைன் போடுகிறவர். ஒரு யானையை வரைவதென்றால் தும்பிக்கைக்கு எத்தனை கட்டம், வாலுக்கு எத்தனை கட்டம் என்று எண்ணி எண்ணிப் பென்சிலால் நிரப்புவார். வாழ்க்கையையும் அப்படித்தான் கட்டம் கட்டமாக நடத்தினார். சர்வீஸுக்கு வரும்போது கையில் ஒரு நோட்டு இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர், எந்த விளக்கு எப்போது மாற்றியது, எல்லாம் அதில் இருக்கும். வண்டியை விடும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்தான்: "டயர்ல காத்து முப்பத்துமூணு இருக்குது மேடம். நான் பெட்ரோல் பங்க்ல புடிச்சிட்டுத்தான் வரேன். உங்க ஆளுங்க கைவைக்க வேணாம்."

ஒருமுறை எங்கள் ஆட்கள் கைவைத்து முப்பத்தைந்து ஆக்கிவிட்டார்கள். அதற்கு அவர் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினார். கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்ததால் நான் அதைத் தூக்கிப்போடவில்லை.

அவருடைய ஒரே மகளை ஸ்ரீபெரும்புதூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு அன்று வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மனைவியும் உறவுக்காரப் பெண்களும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். மகளை அழைத்து வருவது அப்பாவின் காரில். அதற்காகத்தான் மனிதர் ஆயில் மாற்றியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

காலை ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் இருக்கும். என் மேசைக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவருக்கு ஏ.சி.யில் நாற்றம். இன்னொருவருக்கு வைப்பர் சத்தம். மூன்றாமவருக்கு என்ன பிரச்சினை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அப்போது போன் அடித்தது.

"மேடம், ஏகாம்பரம் பேசறேன். என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் நானே மாத்திட்டேன்."

ஃப்ரெண்டு என்று பொய் சொல்லாத முதல் மனிதர் அவர்தான்.

"நீங்களேவா சார்?"

"நாலு நாளா வீடியோ பார்த்து நோட்டுல எழுதி வெச்சிக்கினு பண்ணேன். பழைய ஆயில் எவ்ளோ சுத்தமா இருந்துச்சு தெரியுமா? தேன் மாதிரி! பேசின்ல என் மூஞ்சி தெரிஞ்சுது. நான் வண்டிய வெச்சிருக்கிற லட்சணம் அப்படி. ஃபில்டர்லேர்ந்து மட்டும் கொஞ்சம் கருப்பா வந்துச்சு. அழுக்கையெல்லாம் அதுவே புடிச்சி வெச்சிக்கினு இருந்திருக்குது. ஃபில்டர்னா அப்படி இருக்கணும்."

"சூப்பர் சார்" என்றேன். ஏ.சி. நாற்றக்காரரின் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டே சொன்னேன்.

"ஒரே ஒரு சந்தேகம். புது ஆயில் மூணு லிட்டர் ஊத்திட்டு, குச்சிய விட்டுப் பார்த்தா, கோட்டுக்கு ரொம்ப மேல காட்டுது. சரியாத்தான் அளந்து ஊத்தினேன்."

எனக்கு அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. அளவு பார்க்கும் குச்சியைப் பற்றி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். "வண்டி சாய்வா நிக்கும் சார். புது ஃபில்டர் வேற காலியா இருக்கும். ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்க, ஃபில்டருக்குள்ள ஆயில் போயி லெவல் தானா இறங்கிடும். தாராளமா எடுத்துக்கினு போங்க."

இதில் பாதி உண்மை. பாதி உண்மையான பதிலைப் போல ஆபத்தானது நம் வேலையில் வேறெதுவும் இல்லை. முழுப் பொய்யை யாராவது மறித்துக் கேட்பார்கள். இதை நம்பிப் போய்விடுவார்கள்.

"உங்க வாயால கேட்டப்புறம்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

கூட்டம் குறைந்ததும் பின்பக்கம் டீ குடிக்கப் போனேன். அங்கே ஃபோர்மேன் இருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். பேச்சு குறைவு. வண்டியின் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அதைச் சுற்றி ஒருமுறை நடப்பார். அவ்வளவு நேரம் வாடிக்கையாளரை நான்தான் பேச்சில் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

அவரிடம் ஏகாம்பரத்தின் கதையை நடித்தே காட்டினேன். பேசினில் முகம் பார்த்தது, ஃபில்டரைப் பாராட்டியது, குச்சிக்கு நான் சொன்ன பதில், எல்லாவற்றையும். சுற்றி நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். ஃபோர்மேன் சிரிக்கவில்லை.

"அக்கா, வடிச்ச ஆயில் இன்னா கலர்னு சொன்னாரு?"

"தேன் மாதிரின்னாரு."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுன என்ஜின் ஆயில் தார் மாதிரி வரும் அக்கா. தேன் மாதிரி வரது கியர் பாக்ஸ் ஆயிலு."

காருக்கு அடியில் எண்ணெய் வடிக்க இரண்டு போல்ட்டுகள் உண்டு. ஒன்று என்ஜினுக்கு, மற்றது கியர் பாக்ஸுக்கு. ஏகாம்பரம் அத்தனை அழகாகக் கழற்றி, வடித்து, துடைத்து, மறுபடி முடுக்கியது கியர் பாக்ஸின் போல்ட்டை. ஆகவே கியர் பாக்ஸில் இப்போது ஒன்றும் இல்லை. என்ஜினில் பழைய ஆயில் அப்படியே இருக்க, அதன் தலையில் புதிதாக மூன்று லிட்டர். குச்சி பொய் சொல்லவில்லை. குச்சியைப் பொய்யாக்கியது நான்.

"ஓட்டிக்கினு போனா இன்னா ஆவும்?"

"ஒட்டிக்கினு இருக்கிற ஆயில்ல டவுனுக்குள்ள மெதுவா நாலஞ்சு கிலோமீட்டர் தாங்கும். ஹைவேல ஏறி மிதிச்சாருன்னா கியர் பாக்ஸ் காய்ஞ்சி புடிச்சிக்கும், வண்டி நடு ரோட்ல நின்னுடும். பின்னாடி லாரி வந்தா..."

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஆறு தடவை. அப்போதுதான் நினைவு வந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார். பைக்குள் போட்டு, பையைப் பின்சீட்டில் வைத்துவிடுவார். போன வருடம் இதைப் பற்றி என் மேசைக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் பேசியிருக்கிறார். எங்கள் டிரைவர் ஒருவர் போன் பேசிக்கொண்டே வண்டி எடுத்துவிட்டார் என்பதற்காக.

"ரொம்ப ஒழுங்கான மனுஷன்" என்று ஃபோர்மேன் தலையில் கைவைத்தார்.

ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு ஓடத்தான் முதலில் தோன்றியது. எந்த வழியில் போனார், எவ்வளவு தூரம் போயிருப்பார், ஒன்றும் தெரியாது. நீங்களும் இப்படி ஒரு நேரத்தில் ஓடத்தான் பார்ப்பீர்கள். ஓடினால் ஏதோ செய்கிற மாதிரி இருக்கும். நான் உட்கார்ந்தேன். வண்டியை விட்டுவிட்டு மனிதரை யோசித்தேன். ஆயில் மாற்றிய கையோடு இந்த மனிதர் வெளியே கிளம்புகிறார். கிளம்பும் முன் என்ன செய்வார்?

முப்பத்துமூன்று!

எங்கள் சென்டர் வண்டிகளுக்கு டீசல் போடும் அதே பங்க்தான் அவருக்கும். ஊரை விட்டு வெளியே போகும் ரோட்டில் இருக்கிறது. அங்கே காற்றுப் பிடிக்கிறவள் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். குரலைக் கேட்டால் லாரியே ஒதுங்கும். அவளிடம் நம்பர் இருந்தது.

"அஞ்சலை, வெள்ளைக் கார், பின்கண்ணாடில மயில் படம், வேட்டி கட்டினவரு..."

"இங்கதான்கா நிக்கிறாரு. மூணு வீலு பார்த்துட்டேன், நாலாவது பார்த்துக்கினு இருக்கேன். முப்பத்துமூணு, முப்பத்துமூணுன்னு உயிர வாங்கறாரு."

"அவர விடாத. எப்படியாவது அங்கயே நிறுத்தி வை. நாங்க வரோம்."

"சரிக்கா" என்றாள். போனை அவரிடம் கொடு என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

பிள்ளைகளே, அவசரத்தில் யாரிடமும் "எப்படியாவது" என்று சொல்லாதீர்கள். அவரவர் மனதில் என்ன "எப்படி" இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஃபோர்மேன் கியர் ஆயில் டப்பா இரண்டு, என்ஜின் ஆயில் டப்பா ஒன்று, ஒரு புனல், இரண்டு ஸ்பேனர், அந்தப் பேசின் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என் பின்னால் ஏறினார். நாங்கள் பங்குக்குள் நுழைந்தபோது கார் தரையோடு தரையாகப் பதிந்து கிடந்தது. நான்கு டயரிலும் காற்று இல்லை. அஞ்சலை இடுப்பில் கைவைத்து நின்றாள். ஏகாம்பரம் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

"நாலு வீல்லயும் புடுங்கி விட்டுட்டு, ஏம்மான்னு கேட்டா அக்கா சொன்னாங்கன்றா! எந்த அக்கா? எங்க அக்கா செத்துப்போயி எட்டு வருஷம் ஆவுது!"

என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அதுதான் எனக்கு வலித்தது. "நல்லவேளை மேடம் வந்தீங்க. இந்தம்மாகிட்ட கேளுங்க, இது நியாயமா?"

ஃபோர்மேன் என் காதருகே மெதுவாகச் சொன்னார்: "நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா அவரு தப்பு மட்டும்தான் வெளிய தெரியும்."

இந்த இடத்தை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வசதியான வாசல் திறந்தே இருந்தது. "சார், நீங்க தப்பான போல்ட்டைக் கழட்டிட்டீங்க" என்று ஆரம்பித்தால் போதும். அதுவும் உண்மைதான். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு நமக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். காலை ஒன்பது மணிப் பேச்சை யாரும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது.

"சார், காத்தப் புடுங்கச் சொன்னது நான் இல்ல. ஆனா உங்கள நிறுத்தச் சொன்னது நான்தான்" என்றேன். "காலைல தேன் மாதிரி ஆயில் வந்துச்சுன்னு சொன்னீங்க. குச்சி மேல காட்டுதுன்னும் சொன்னீங்க. நீங்க சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டீங்க. நான்தான் காதுல வாங்காம போகச் சொல்லிட்டேன். நீங்க வடிச்சது கியர் பாக்ஸ் ஆயில். இந்த வண்டி ஹைவேக்குப் போகக்கூடாது."

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டினார். அதில் காரின் அடிப்பாகத்தைக் கட்டம் போட்டு வரைந்து, ஒரே ஒரு போல்ட்டைச் சிவப்பு மையில் குறித்திருந்தார். அருமையான படம். வீடியோவில் காட்டியது வேறு மாடல் வண்டி.

"என் பொண்ண இதுல உக்கார வெச்சிக்கினு வந்திருப்பேனே மேடம்" என்றார். குரல் உள்ளே போய்விட்டது.

ஃபோர்மேன்தான் காப்பாற்றினார். "சார், இங்க வாட்டர் வாஷ் ராம்ப் இருக்குது. வண்டிய அதுல ஏத்திட்டா முக்கால் மணி நேரம். ஆனா ஏத்தணும்னா..." என்று டயர்களைப் பார்த்தார். எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தோம்.

"திரும்பவும் நாலும் நான்தான் புடிக்கணுமா?" என்றாள் அவள்.

"முப்பத்துமூணு" என்றார் ஏகாம்பரம்.

என்ன செய்ய, சிரிப்பு வந்துவிட்டது. முதலில் சிரித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் சேர்ந்து வண்டியை ராம்ப்பில் தள்ளினோம். வேலையை விவரிக்கப்போவதில்லை, அது உங்கள் கையேட்டில் இருக்கிறது. ஃபோர்மேன் மேலே ஏற்றிய காரைச் சுற்றி வழக்கம்போல ஒருமுறை நடந்தார். என்ஜினிலிருந்து கரிய எண்ணெய் வடிந்தபோது ஏகாம்பரம் குனிந்து, "இதுதானா அது" என்று ஏதோ தூரத்து உறவினரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நம்பிப் போலாமா?" ஃபோர்மேன் காரை எடுத்து, ரோட்டில் ஒரு வட்டம் போய், எல்லா கியரையும் மாற்றிப் பார்த்து, ஜன்னலை இறக்கிக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "போலாம் சார். போறப்ப அறுபதுக்கு மேல போவாதீங்க. சத்தம் வந்தா நிறுத்திட்டு எனக்குப் போன் போடுங்க. இன்னிக்கு மட்டும் போனை முன்சீட்டுல வெச்சிக்கோங்க."

மகளை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நல்ல நேரம் தவறிவிடுமோ என்று ஏகாம்பரத்துக்குக் கவலை. மனைவிக்குப் போன் போட்டார். அந்தம்மா பேசியது பங்க் முழுவதும் கேட்டது.

"இப்போ வந்து இன்னா பண்ணப் போறீங்க? வளையல்காரனே இன்னும் வரல. புளியோதரை இப்பத்தான் கிண்டிக்கினு இருக்காங்க. மெதுவா வாங்க."

அன்று மாலை நான்கு மணி வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு மணிக்கு அவரே கூப்பிட்டார். "வந்துட்டோம் மேடம். பொண்ணு பின்னாடி தூங்கிக்கினே வந்துச்சு" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நடந்ததை நானே எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "வாடிக்கையாளர் புகார் குடுக்கலையே, நீ ஏன்மா குடுக்கறே?" என்றார். அந்தத் தாள் எங்கே போனது என்று தெரியாது. ஏகாம்பரம் இனி வேறு சென்டருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

பேத்தி பிறந்து சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அடுத்த ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டதாம்.

"எந்தக் கிழமை புக் பண்ணட்டும் சார்?"

"அங்க இல்ல மேடம். நானேதான் பண்ணப்போறேன். ஒரு தடவ தப்பா எண்ணிட்டா கிராஃப் தாளையா தூக்கிப்போட முடியும்? நீங்க வந்து கூட இருங்க. நீங்க பார்த்துக்கினு இருந்தா நான் தப்பு பண்ண மாட்டேன்."

மறுக்க எனக்கு ஏது முகம்? சென்டர் விடுமுறை நாளில், பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் காரை இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் அசையாமல் தூக்கி நிறுத்தியிருந்தார். அடியில் விரிக்க யாருடைய கல்யாணத்துக்கோ வைத்த பிளெக்ஸ் பேனர். அவர் மாப்பிள்ளைப் பக்கமாக நுழைந்தார், நான் பெண் பக்கமாக. மணமக்களின் சிரிப்புக்கு நடுவே பேசினை வைத்துக்கொண்டு இருவரும் மல்லாந்தோம்.

இருபத்தாறு வருடம் கார்களைப் பற்றியே பேசிச் சம்பளம் வாங்கியவள் நான். ஒரு காரை அதன் அடியில் படுத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேலே ஒரே இரும்பும் குழாயும் மண்ணும். அதற்கு நடுவே, ஒரு சாண் இடைவெளியில், ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு போல்ட்டுகள்.

ஏகாம்பரம் ஸ்பேனரைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"இதுல எது மேடம்?"

ஏதோ ஒன்றைக் காட்டிவிடலாம் என்று விரல்கூட எழுந்துவிட்டது. அதை மடக்கிக்கொண்டேன்.

"தெரியல சார்" என்றேன்.

ஒரு வாடிக்கையாளரிடம் நான் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னது அன்றுதான். வானம் இடிந்து விழவில்லை. ஏகாம்பரம் பெரிதாக மூச்சுவிட்டு, "அப்பாடா, எனக்கு மட்டும்தான் தெரியலயோன்னு பயந்துக்கினு இருந்தேன்" என்றார்.

படுத்தபடியே ஃபோர்மேனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நாங்கள் இருக்கும் நிலையைச் சொன்னேன்.

"ரெண்டையும் தொடாதீங்கக்கா" என்றார். "வந்துக்கினே இருக்கேன்."

அவர் வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை நாங்கள் இருவரும் வெளியே வரவில்லை. பேத்தி எப்படிக் குப்புற விழுகிறாள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.